நம்பர் ஒன் சிற்பியிடம் கிடைத்த வேலையை உதறியவர்! உளியை நம்பிய பிரான்குஷியின் கதை

உங்க துறையில உலகத்துலயே பெரிய ஆள் யாரோ, அவர்கிட்டயே உங்களுக்கு வேலை கிடைக்குதுன்னு வெச்சுக்கோங்க. உங்களுக்கு வயசு 31. கையில காசும் பெருசா இல்ல. அந்த வேலையை ஒண்ணு ரெண்டு மாசத்துல விட்டுட்டு வருவீங்களா?

1907-ல் பாரிஸில் ஒருவர் அப்படித்தான் வந்தார். அவர் பெயர் கான்ஸ்டன்டின் பிரான்குஷி. அவர் விட்டு வந்தது, 'சிந்தனையாளர்' சிலையைச் செய்த அகஸ்த் ரோடினின் பட்டறையை.

அந்த வேலைக்கு வந்து சேர அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ருமேனியாவில் ஹோபிட்சா என்ற சின்ன கிராமத்தில் 1876-ல் பிறந்தவர். ஆடு மேய்த்த பையன். சின்ன வயசிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, கடைகளில் எடுபிடி வேலை பார்த்தார். கிடைத்த பலகையை வைத்து அவர் செய்த ஒரு வயலினைப் பார்த்துத்தான், கிரயோவா நகரின் கைத்தொழில் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள் என்று சொல்வார்கள். பிறகு புகாரெஸ்ட்டில் சிற்பப் படிப்பு. அங்கிருந்து பாரிஸுக்குப் பெரும்பாலும் நடந்தே போய், 1904-ல் சேர்ந்தார். அங்கே பாத்திரம் கழுவியும் பிழைத்தார். அப்படிப்பட்டவர்தான் ரோடினிடம் கிடைத்த வேலையை விட்டார்.

ஏன்?

அந்தக் காலத்துல பெரிய பட்டறைகள் எப்படி இயங்கினதுன்னு தெரிஞ்சா உங்களுக்கே புரியும். சிற்பி களிமண்ணில் உருவம் பிடிப்பார். அதை பிளாஸ்டரில் அச்சு எடுப்பார்கள். பிறகு உதவியாளர்கள் கருவி வைத்துப் புள்ளி புள்ளியாக அளவெடுத்து, அதே உருவத்தைப் பளிங்கில் செதுக்குவார்கள். கல்லில் பாடுபடுவது ஒருத்தர், சிலையில் இருப்பது இன்னொருத்தர் பெயர். அங்கேயே இருந்திருந்தால், தானும் இன்னொரு ரோடினாகத்தான் ஆகியிருப்போம் என்ற பயம் பிரான்குஷிக்கு இருந்தது.

வெளியே வந்ததும் களிமண்ணை ஓரம் வைத்துவிட்டு, நேராகக் கல்லில் உளியை வைத்தார். களிமண்ல தப்பு பண்ணினா திரும்ப ஒட்டிக்கலாம். கல்லுல அந்த சான்ஸ் இல்ல. நம்ம போன்ல இருக்கிற 'அன்டூ' பட்டன் உளிக்குக் கிடையாது. ஒரு தட்டு அதிகமாகத் தட்டினால் மூக்கு போனது போனதுதான். அதனால் கல்லின் வடிவத்தையும் குணத்தையும் பார்த்துப் பார்த்துத்தான் அடுத்த அடி.

அப்படிப் பிறந்ததுதான் 1907-08-ல் வந்த 'முத்தம்'. இதே தலைப்பில் ரோடின் செய்த சிலை, பளபளக்கும் பளிங்கில் நரம்பும் சதையுமாக நிஜ மனிதர்கள் மாதிரியே இருக்கும். பிரான்குஷியுடையது ஓர் அடிகூட உயரமில்லாத சுண்ணாம்புக்கல் கட்டி. இருவர் கட்டிப்பிடித்திருக்கிறார்கள். ரெண்டு பேர் கண்ணும் சேர்ந்து ஒரே கண் மாதிரி தெரியும். கல் கடைசிவரை கல்லாகவே இருக்கிறது.

அடுத்த சில வருடங்களில் அவர் சிலைகளில் சேர்த்ததைவிட எடுத்ததுதான் அதிகம். 1909-10-ல் பளிங்கில் வந்த 'உறங்கும் தேவதை', தரையில் சாய்ந்து கிடக்கும் ஒரு தலை மட்டும்தான். பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா கண், மூக்கு எல்லாம் போய், 'உலகின் தொடக்கம்' என்ற பெயரில் ஒரு முட்டை வடிவம்தான் மிச்சம்!

இதெல்லாம் சிலையா என்று கேட்காதவர்கள் இல்லை. அந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. 1926-ல் அவரின் 'வெளியில் பறவை' என்ற வெண்கலச் சிலை நியூயார்க்கில் வந்து இறங்கியது. கலைப்பொருளுக்கு அமெரிக்காவில் வரி இல்லை. ஆனால் சுங்க அதிகாரிகளுக்கு அதில் இறகும் தெரியவில்லை, அலகும் தெரியவில்லை. உலோகச் சாமான் என்று 40% வரி போட்டார்கள். வழக்கில், வார்த்து எடுத்த பிறகு அரம் வைத்துத் தேய்த்து, பாலிஷ் போட்டதெல்லாம் பிரான்குஷியே என்று எடுத்துச் சொன்னார்கள். 1928-ல் அது கலைதான் என்று தீர்ப்பு வந்தது. பறவை மாதிரியே இருந்தால்தான் சிலை என்ற பிடிவாதம் அன்றோடு தளர்ந்தது.

அந்தப் பறவைக்கு நம்ம நாட்டோடவும் ஒரு தொடர்பு உண்டு. இந்தூர் மகாராஜா யஷ்வந்த் ராவ் ஹோல்கர், வெள்ளைப் பளிங்கு, கறுப்புப் பளிங்கு, வெண்கலம் என மூன்று பறவைகளை வாங்கினார். அவற்றுக்காக ஒரு தியானக் கோயில் கட்டவும் திட்டம் இருந்தது. அதற்காகவே 1937-38 குளிர்காலத்தில் பிரான்குஷி இந்தூருக்குப் பயணம் வந்தார். கோயில் மட்டும் கடைசிவரை எழும்பவே இல்லை.

1957-ல் பாரிஸிலேயே இறந்தார். தன் பட்டறையை அப்படியே பிரான்ஸ் அரசுக்கு எழுதிவைத்துவிட்டார். 1997-ல் பாம்பிடு மையத்தின் எதிரே அது திரும்ப அமைக்கப்பட்டது.

வேலையை விட்டுடலாமான்னு நமக்கும் அடிக்கடி தோணும். தப்பில்லை. ஆனா பிரான்குஷி சுலபமான வேலையைத் தேடி வெளியே வரலை. அதைவிடக் கஷ்டமான, தப்பு பண்ணினா திருத்தவே முடியாத ஒரு வேலைக்காகத்தான் விட்டார். ரிசைன் மெயில் டைப் பண்றதுக்கு முன்னாடி, உங்க உளியை எந்தக் கல்லுல வைக்கப் போறீங்கன்னு ஒரு தடவை யோசிச்சுக்கோங்க.