மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம்

செஞ்சியில் வாழும் நமக்குக் கோட்டையைப் பற்றி எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. இராசகிரியும் கிருட்டிணகிரியும் அவற்றை வளைத்துச் செல்லும் மதிலும் நாம் நாள்தோறும் காண்பவை. போர் வந்த காலத்தில் அரசர்கள் அம்மதிலுக்குள் புகுந்து கதவடைத்துக் கொண்டனர். மதிலுக்குள் இடம் பெறாத எளிய மக்கள் எதைப் பற்றிக்கொண்டு நின்றனர் என்பதை வரலாறு அதிகம் எழுதி வைக்கவில்லை. அவ்வாறு நின்ற ஒருவரின் வாழ்க்கையை இம்மலரில் நம் இளைஞர் முன் வைக்கிறோம். அவர் தென்கோடியில் மயிலாடி என்னும் சிற்றூரினர். எனினும் அவர் வாழ்வு திசை திரும்பியது நம் பழைய தென்னார்க்காட்டுச் சிதம்பரத்திலேயாகும்.

அவருடைய இயற்பெயர் மகாராசன். அன்றைய திருவிதாங்கூர் அரசில், சாம்பவர் குலத்தில் பிறந்தவர். தெய்வ நாட்டம் மிகுந்த அவர், உறவினர் ஒருவருடன் சிதம்பரத்திற்கு யாத்திரை வந்தார். ஒடுக்கப்பட்டோர் கோயிலுக்குள் அடியெடுத்து வைக்க இயலாத காலம் அது. நந்தனாரின் கதை வழங்கும் ஊரிலேயே மகாராசனும் மனநிறைவின்றித் திரும்பினார். வழியில் தஞ்சைப் பகுதியில் கிறித்தவரான சுற்றத்தாரிடம் தங்கி, ஆலய வழிபாட்டைக் கண்டார். கோலாப் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்று, வேதமாணிக்கம் ஆனார்.

ஊர் திரும்பிய பின்னரே சோதனை தொடங்கியது. குருவுமில்லை, ஆலயமுமில்லை. கையிலிருந்த சில நூல்களைக் கொண்டு குடும்பத்தாருக்கும் அண்டை வீட்டாருக்கும் தாமே போதித்தார். செவிகொடுத்தோர் மிரட்டப்பட்டனர். நிலம் பிறருடையது, உழைப்பும் ஊழியம் என்ற பெயரால் பிறருடையது. அத்தகையோர் புதிய வழியில் செல்வதை ஆதிக்கத்தார் பொறுப்பரோ? அனைவரையும் அழைத்துக்கொண்டு வேறு நாட்டிற்குக் குடிபெயரலாமா என்றுகூட அவர் எண்ணியதுண்டு. ஆயினும் ஓடாமல் துணை தேடினார். தரங்கம்பாடியில் தமிழ் பயின்ற ஜெர்மானியரான ரிங்கல்தௌபே, இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் 1806 ஏப்ரலில் மயிலாடிக்கு வந்தது இவருடைய வேண்டுகோளின் பயனே. நூல்கள் பலவும் வேதமாணிக்கத்தை அந்த மிஷனரியின் உதவியாளர் என்று ஒரு வரியில் எழுதிச் செல்கின்றன. விருந்தினரை அழைத்த வீட்டுக்காரரை வேலையாள் என்று எழுதுவது போன்றது அது!

மேலும் பெரிய அச்சம் பின்னர் வந்தது. 1808 இறுதியில் வேலுத்தம்பி தளவாய் கும்பினியாரை எதிர்த்து எழுந்தார். 1809 சனவரியில் குண்டறையில் அவர் விடுத்த அறிக்கை, கும்பினியார் கிறித்தவத்தைப் பரப்புவதையும் குற்றமாகச் சாட்டியது. அந்நிய ஆட்சியை எதிர்த்த அவருடைய வீரத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கும்பினியாரோடு எந்த உறவும் இல்லாத சேரி மக்கள் கும்பினியாரின் ஆட்கள் என்று எண்ணப்பட்டனர். மயிலாடிக்கு அண்மையிலுள்ள ஆரல்வாய்மொழிக் கோட்டை மதிலே போர்க்களமாயிற்று. இரு படைகளுக்கும் நடுவே அகப்பட்ட அச்சிறு கூட்டத்தார்க்கு மலைகளே புகலிடம். வேதமாணிக்கமும் அவ்வாறே மறைந்து வாழ்ந்தார். செபத்தையும் விசுவாசத்தையும் விடவில்லை. பிப்ரவரி 10ஆம் நாள் ஆரல்வாய்மொழி மதில் கும்பினிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் மயிலாடியில் ஆலயம் திறக்கப்பட்டது. கல்மதில் காக்காத இடத்தில் அம்மக்களைக் காத்தது எது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

1816இல் உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே நாட்டைவிட்டுச் சென்றார். புறப்படுமுன் சபைகளின் பொறுப்பை ஐரோப்பியர் எவரிடமும் ஒப்படைக்கவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த வேதமாணிக்கத்திடமே ஒப்படைத்தார். நாடு அவரைத் தெருவில் விலகச் சொன்ன காலத்தில் அவர் பல ஊர்ச் சபைகளுக்குத் தலைவராயிருந்தார். சார்லஸ் மீட் ஐயர் வந்து சேரும்வரை அச்சபைகள் சிதறவில்லை.

நம் கல்விச் சங்கத்தார் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் உண்டு. 1809இல் மயிலாடியில் தொடங்கிய கல்விப் பணியையே நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. மலையிலிருந்து இறங்கி வந்த மக்கள் ஆலயத்தையும் பள்ளியையும் ஒரே ஆண்டில் கண்டனர். வேதமாணிக்கம் 1827இல் காலமானார்.