அர்ச். இராயப்பரும் அந்நியர் பந்தியும்

ஜூன் 29-ந் தேதி திருச்சபை கொண்டாடும் அர்ச். இராயப்பரின் கையிலுள்ள திறவுகோலை அறியாத கிறிஸ்தவர் இல்லை. ஆனால் அவருடைய ஆயுளில் பெரும் போராட்டமொன்று சாப்பாட்டைக் குறித்து எழுந்தது என்பதை நினைப்போர் சிலரே.

சீமோன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் பெத்சாயிதா ஊரார், மீன்பிடிப்பவர். யூதருக்கு எல்லா மீனும் ஆகாது. செதிளும் துடுப்பும் உள்ள மீனே ஆகும் என்பது மோயீசன் கட்டளை. ஆகவே கலிலேயக் கடலில் அகப்படும் செதிளற்ற கெளுத்தி அவர்களுக்கு விலக்கு. மிருகமானால் குளம்பு பிளந்திருக்கவும் வேண்டும், அசைபோடவும் வேண்டும். ஆடும் மாடும் ஆகும். பன்றியும் ஒட்டகமும் ஆகா. இரத்தமோ முற்றும் விலக்கு. இவ்விதம் தகுந்ததென்று கண்ட உணவை யூதர் இன்றும் கோஷர் என்கின்றனர். இது நாவின் ருசியைப் பற்றிய காரியமன்று. தாங்கள் சர்வேசுரனுடைய ஜனம் என்பதற்கு அடையாளம். மக்கபேயர் காலத்தில் எலெயாசார் என்னும் வயோதிகர் பன்றி மாமிசம் தின்ன மறுத்து உயிரையே கொடுத்தார். இந்த விசுவாசத்தில் வளர்ந்தவர் நம் இராயப்பர்.

ஆண்டவர் பரலோகத்துக்கு எழுந்தருளியபின், அவர் யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடும் ஒருவன் வீட்டில் தங்கியிருந்தார். ஒருநாள் மத்தியானம் மேல்மாடியில் செபிக்கும்போது பசியெடுத்தது. அப்போது வானத்திலிருந்து பெரிய விரிப்பொன்று இறங்கக் கண்டார். அதில் சகல ஜீவராசிகளும் இருந்தன. அடித்துச் சாப்பிடும்படி கட்டளை பிறந்தது. விலக்கானதை ஒருநாளும் தின்றதில்லை என்று மறுத்தார். மும்முறை இப்படி நடந்தது.

அவர் திகைத்து நிற்கையில், செசாரேயாவிலிருந்து ரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் கொர்னேலியுஸ் அனுப்பிய ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். காட்சியின் பொருள் அப்போதுதான் விளங்கத் தொடங்கிற்று. விரிப்பில் கண்டவை மிருகங்கள். சர்வேசுரன் காட்டியதோ மனிதர்களை. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லலாகாது என உணர்ந்து, இராயப்பர் புறப்பட்டுப் போய் அந்த வீட்டாருக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் செய்தார். சில நாள் அங்கேயே தங்கவும் செய்தார்.

யெருசலேமுக்குத் திரும்பியதும் அவர்மேல் சாட்டப்பட்ட முதற் குற்றம், அந்நியரோடு உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதே. அவர் கோபங்கொள்ளாமல் நடந்ததை முறையாக எடுத்துரைத்தார். 49-ம் ஆண்டளவில் கூடிய அப்போஸ்தலர் சங்கத்திலும் அந்நியருக்காகப் பேசினார். அங்கே விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, விபசாரம் ஆகிய நான்கை மட்டும் விலக்கும்படி தீர்மானமாயிற்று.

ஆயினும் அவரும் ஒருமுறை தளர்ந்தார். அந்தியோக்கியாவில் அந்நியரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தவர், யெருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் அவர்களுக்குப் பயந்து எழுந்து விலகினார். பர்னபாவும் அவரைப் பின்பற்றினார். அர்ச். சின்னப்பர் எல்லார் முன்பாகவும் அவரைக் கண்டித்தார். கொள்கை தெரியாமல் அவர் தவறவில்லை. பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சமே அவரை எழுப்பிவிட்டது.

கடைசியில் அதே இராயப்பர், நீரோ மன்னன் காலத்தில், 64-க்கும் 67-க்கும் இடையில், ரோமையில் சிலுவையில் அறையுண்டு வேதசாட்சியானார்.

பிரியமான கிறிஸ்தவர்களே, விலக்கான உணவு எதுவென்ற கேள்வி நம்மிடத்தில் இல்லை. விலக்கான மனிதர் எவரென்ற எண்ணமோ இன்னும் சில உள்ளங்களில் ஒளிந்திருக்கிறது. ஒரே நற்கருணைப் பந்தியில் முழந்தாளிடும் நாம், வீட்டுப் பந்தியில் யார் அருகே உட்காரத் தயங்குகிறோம் என்று இந்த வாரம் ஆத்தும சோதனை செய்து பார்ப்போமாக.