சலீம் அலி: வாத்து வேட்டைக் காட்டைக் காப்பாற்றியவர், எருமை விஷயத்தில் சறுக்கியது எப்படி?

வில்லாபுரத்திலிருந்து பைக்கில் கொஞ்ச நேரத்தில் சாமநத்தம் கண்மாய்க்குப் போய்விடலாம். அங்கே நிற்கும் புள்ளிமூக்கு வாத்தைப் பார்த்து, பெயர் சொல்லி ரசிக்கும் பழக்கத்தை இந்தியாவில் பரவலாக்கியவர் சலீம் அலி. யார் இவர்?

1896 நவம்பர் 12-ல் மும்பையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரை இழந்து, மாமா வீட்டில் வளர்ந்தார். ஏர்கன்னால் சுட்ட குருவிக்குக் கழுத்தில் மஞ்சள் திட்டு. என்ன குருவின்னு மாமாவுக்கும் தெரியலை. விசாரிக்க பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போன பையன், கடைசிவரை அந்தக் கழகத்தை விடவே இல்லை. உரிய பட்டம் இல்லாததால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் வேலை கிடைக்கவில்லை. ஆனாலும் 1941-ல் இவர் எழுதிய இந்தியப் பறவைகள் கையேடுதான் பல தலைமுறைக்குப் பாடநூல்.

பரத்பூரில் என்ன நடந்தது?

ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பு நிலம் மகாராஜாக்கள் கரை கட்டித் தண்ணீர் தேக்கிய இடம், கிட்டத்தட்ட நம்மூர்க் கண்மாய் மாதிரி. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் வரித்தலை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் அங்கே குவியும். அவற்றைச் சுடுவது அன்று ராஜ விருந்து. 1938 நவம்பர் 12-ம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ வந்த அந்த ஒரே நாளில் சுட்டுத் தள்ளியது 4,273 பறவைகள். சலீம் அலிக்கு அன்று 42-வது பிறந்தநாள் என்பது தற்செயல்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேறு சிக்கல். தண்ணீரை வடித்து வயலாக்க வேண்டும் என்றார்கள் சுற்றுவட்ட விவசாயிகள். பசியில் இருந்த நாட்டில் அது நியாயமான கோரிக்கைதான். சலீம் அலி நேருவிடம் பேசினார், நிலம் தப்பியது. முக்கியஸ்தர்களின் வேட்டை மட்டும் 1972 வரை நிற்கவில்லை.

எருமைகள் ஏன் விரட்டப்பட்டன?

1980-களின் தொடக்கத்தில் அது கேவலாதேவ் தேசியப் பூங்கா ஆனது. மேய்ச்சல் பறவைகளுக்குக் கெடுதல் என்று நம்பியவர்களில் சலீம் அலியும் ஒருவர். 1982-ல் மேய்ச்சலுக்குத் தடை வந்தது, கிராம மக்கள் எதிர்த்தார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வாத்துக்காக மனிதர்கள் செத்தது இந்தக் கதையில் மறைக்கக் கூடாத பக்கம்.

அப்புறம் என்னாச்சு? எருமை தின்னாத புல் தண்ணீரையே மூடியது. நீந்தி இரை தேட இடமில்லாமல் நீர்ப்பறவைகள் குறைந்தன. இதைக் கண்டுபிடித்ததும் அவருடைய கழகத்தின் ஆய்வுதான். முழு அறிக்கை வரும் முன்பே, 1987 ஜூன் 20-ல் சலீம் அலி காலமானார். பிறகு, உள்ளே வந்து புல் அறுத்துக்கொள்ள ஊர் மக்களுக்கு அனுமதி கிடைத்தது.