தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோய்... அடையாறு மருத்துவமனை பிறந்த கதை!

1923. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு சீதபேதி என்றுதான் முதலில் வைத்தியம் நடந்தது. வந்திருந்ததோ மலக்குடல் புற்றுநோய். கண்டுபிடித்தபோது கைமீறிவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் காப்பாற்ற முடியல.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கியவர் முத்துலட்சுமி. தங்கையின் மரணத்துக்குப் பிறகு, 1925-ல் லண்டன் போனவர், புற்றுநோய் சிகிச்சை பற்றியும் கற்றுத் திரும்பினார். சட்டசபைக்குப் போனார், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். ஆனால், புற்றுநோய் மருத்துவமனைக் கனவு மட்டும் தள்ளிக்கொண்டே போனது. புற்றுநோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்ற எண்ணம் பரவலாக இருந்த காலம் அது.

அவர் விடவில்லை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. சில ஆண்டுகளில் கோபால்ட் கதிர்வீச்சுக் கருவியும் வந்தது. 1968-ல் அவர் மறைந்தார்.

தங்கைக்கு வந்த அதே நோய்க்கு இன்று வழி இருக்கிறது. கட்டி குடல் சுவரைத் தாண்டியிருந்தால், பலருக்கு முதலில் கதிர்வீச்சு, பிறகுதான் ஆபரேஷன். கட்டி சுருங்கும், அதே இடத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு குறையும். ஆனால், சீக்கிரம் கண்டுபிடிக்கணும். மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு செய்யாதீங்க. டாக்டரைப் பாருங்க.