ஹென்றி ஃபோர்டும் அஞ்சு டாலர் கூலியும்

மலருக்கு ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை எழுதித் தரணும்னு செயலாளர் அண்ணன் கேட்டார். மெக்கானிக்கல் மாணவனான எனக்கு முதலில் தோன்றிய பெயர் ஹென்றி ஃபோர்டு. மறைமலை நகரில் 2022 வரை கார் செய்த கம்பெனி, அவர் ஆரம்பித்ததுதான்.

1863-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் விவசாயி மகனாகப் பிறந்தார். காலேஜ் பட்டம் எதுவும் வாங்காதவர். 16 வயதில் டெட்ராய்ட் நகருக்குப் போய் மெஷின் ஷாப்பில் அப்ரண்டிஸ் ஆனார். பிறகு எடிசன் மின்சாரக் கம்பெனியில் என்ஜினியர். 1896-இல் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் முதல் வண்டியைச் செய்து முடித்தார். பார்த்தால், அது கதவு வழியா வெளியே வரல! கோடாலியால் செங்கல் சுவரை இடித்துத்தான் ஓட்டிப் போனார். (டிராயிங் ஹாலில் அளவு பார்க்காதவர்கள் கவனிக்க.)

முதல் கம்பெனி நொடித்துப்போனது. இரண்டாவதிலிருந்து விலகினார். 1903-இல் தொடங்கிய ஃபோர்டு மோட்டார் கம்பெனிதான் நிலைத்தது. 1908-இல் மாடல் டி கார் வந்தது. 1913-இல் அசெம்பிளி லைனை ஓடவிட்டார். சேசிஸ் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது, 93 நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் நாள் முழுக்க ஒரே நட்டை முடுக்கிக்கொண்டு யார் நிற்பார்கள்? வந்த வேகத்தில் ஆட்கள் ஓடினார்கள். சுமார் 14,000 பேர் வேலை செய்யும் இடத்துக்கு அந்த ஒரே வருஷத்தில் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியதாயிற்று. அதனால்தான் 1914 ஜனவரியில் 8 மணி நேரத்துக்கு 5 டாலர் என்று அறிவித்தார். பழைய கூலியைப் போல் இரு மடங்கு. இதை தர்மம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோணல. குடிக்கிறானா, சேமிக்கிறானா என்று வீடு வீடாக ஆள் அனுப்பி விசாரித்த பிறகுதான் முழுக் கூலியும் கொடுத்தார்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். 19 வருஷமா அதே பிரஸ். இந்தக் கதையைச் சொன்னேன். 5 டாலர் எவ்வளவு ரூபாய்னு அவர் கேக்கல. நிஜமாவே எட்டு மணி நேரம்தானா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அதே ஃபோர்டு, யூதர்களைத் தூற்றித் தன் பத்திரிகையில் எழுதவைத்தார். 1937-இல் அவருடைய ஆட்கள் யூனியன்காரர்களைத் தொழிற்சாலை வாசலிலேயே அடித்துப் போட்டார்கள். 1941-இல் வேலைநிறுத்தம் வந்த பிறகே சங்கத்தை ஏற்றார். 2022-இல் மறைமலை நகர்த் தொழிலாளர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டுப் போராடியதும் சங்கம் வைத்துத்தான்.

1947 ஏப்ரல் 7 இரவு, ஆற்று வெள்ளத்தால் கரண்ட் போன வீட்டில், விளக்கு வெளிச்சத்தில், 83 வயதில் இறந்தார்.