மருத்துவ மேதையின் கடைசி நோய்

பேரறிஞர் இப்னு ஸீனாவின் பெருமையைப் பேசாத முஸ்லிம் பத்திரிகை இல்லை எனலாம். பத்து வயதில் குர்ஆனை ஓதி முடித்தது, பதினாறு வயதிலேயே அனுபவசாலிகளான வைத்தியர்கள் வந்து அவரிடம் பாடம் கேட்டது, புகாராவின் ஸாமானிய மன்னருக்கு வைத்தியம் செய்து அரச நூலகத்தில் நுழைய அனுமதி பெற்றது எல்லாம் நம் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த செய்திகள். எந்த நோயில், எப்படி அவர் மௌத்தானார் என்பதை மட்டும் ஏனோ நாம் சொல்லாமலே கடந்து விடுகிறோம். அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவோம். அன்னாரின் தத்துவக் கொள்கைகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் கடுமையாக மறுத்து நூலே எழுதினார்கள். அந்த வழக்குக்குள் நாம் போகவில்லை. நமக்கு இங்கே வேண்டியவர் வைத்தியர் இப்னு ஸீனாதான்.

ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனா கிராமத்தில் பிறந்தார். தந்தையார் மறைந்த பின் ஊர் ஊராக அலைந்து, காஸ்பியன் கடலோரம் உள்ள ஜுர்ஜானுக்கு வந்தபோதுதான் ஜூஸ்ஜானி என்ற மாணவர் வந்து சேர்ந்தார். அது 1012 வாக்கில். அன்றிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் ஆசிரியரை விட்டு அவர் பிரியவில்லை. ஆசிரியரின் வாழ்க்கையைக் குறைகளையும் மறைக்காமல் எழுதி வைத்தவர் இவரே. நாம் சொல்லப் போவதெல்லாம் பெரும்பாலும் அந்த மாணவர் தந்த செய்திதான்.

அல்கானூன் என்ற பெரும் மருத்துவ நூலை ஜுர்ஜானில்தான் தொடங்கினார். ஐந்து பாகங்கள் கொண்ட அந்நூலை நம் யூனானி ஹகீம்கள் இன்றும் போற்றுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் டொலேடோ நகரில் அது லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டது. ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பாடமாக வைத்திருந்தன. நோய்க்கு மருந்து சொல்லும் நூல் என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். ஆனால் முதல் பாகத்தில், நோயே வராமல் உடலைப் பேணுவது எப்படி என்பதற்கு விரிவான பகுதி உண்டு. உடற்பயிற்சியை முதலிலும், உணவை அதற்கு அடுத்தும், உறக்கத்தைப் பிறகும் வைக்கிறார். மருந்து அங்கே முன்வரிசையில் இல்லை. விரைந்து நடத்தல், ஓடுதல், மல்யுத்தம், வில் எய்தல், குதிரையேற்றம் எனப் பயிற்சிகளை வகைப்படுத்தி, பலவீனருக்கு ஊஞ்சலாட்டம் போன்ற மென்மையானவற்றையும் சேர்த்திருக்கிறார். பசி கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே கையைக் கழுவிவிட வேண்டும் என்பதும் அதில் உள்ள விதிதான். இவற்றில் பலவற்றை நோயாளிக்காக வைத்தியர் செய்ய முடியாது. அவனவன் தன் வீட்டில், தன் தஸ்தர்கானில் செய்துகொள்ள வேண்டியவை.

பிறகு ஹமதானுக்கு வந்தார். அங்கே அமீர் ஷம்சுத் தௌலாவுக்குக் குலன்ஜ் என்னும் குடல் சூலை. இப்னு ஸீனா நாற்பது நாட்கள் இரவும் பகலும் அரண்மனையிலேயே தங்கி வைத்தியம் பார்த்தார். அமீர் குணமடைந்து அவரை வஸீர் ஆக்கினார். சிப்பாய்கள் கலகம் செய்து அவர் வீட்டைச் சூறையாடியதும், அவர் ஒளிந்து வாழ்ந்ததும், அமீருக்கு மீண்டும் வயிற்றுவலி வரவே மன்னிப்புக் கேட்டு அவரை அழைத்துவந்ததும் தனிக் கதை. கடைசியில், 1021இல், அமீர் ஒரு படையெடுப்புக்குப் புறப்பட்டபோது வழியிலேயே சூலை கண்டது. பத்தியத்தைக் கைவிட்டதும் வைத்தியர் சொல்லைக் கேட்காததும்தான் அவரை வீழ்த்தின என்று ஜூஸ்ஜானி எழுதுகிறார். பல்லக்கில் தூக்கி வந்தார்கள். ஹமதான் வந்து சேருமுன் உயிர் பிரிந்தது.

அடுத்த ஆட்சியில் இப்னு ஸீனா ஃபர்தஜான் கோட்டையில் நான்கு மாதங்கள் சிறை வைக்கப்பட்டார். அங்கே சும்மா இருக்கவில்லை. எழுதிய நூல்களில் ஒன்று குலன்ஜைப் பற்றியது! பிறகு ஸூஃபிகளின் உடையில் தப்பி இஸ்ஃபஹான் போய் அலாவுத் தௌலாவிடம் சேர்ந்தார்.

இனி அவருடைய சொந்த வாழ்க்கைக்கு வருவோம். ஹமதானில் பகலெல்லாம் அரசாங்க வேலை, இரவில் மாணவர்களுக்குப் பாடம், பாடம் முடிந்தபின் பாட்டும் மதுவும் என்று காலம் போயிற்று. இளமையில் கண் விழித்துப் படிக்கும்போது சோர்வு வந்தால் மது அருந்தியதை அவரே எழுதியிருக்கிறார். மார்க்கம் விலக்கியதை அவ்வளவு பெரிய அறிஞர் செய்தார் என்பது நமக்கு வருத்தம்தான், ஆனால் உள்ளதை மறைப்பதற்கில்லை. சிற்றின்பத்திலும் அளவு மீறியவர் என்று மாணவரே சொல்கிறார். இயற்கையில் அமைந்த உடல் வலிமையை நம்பியே ஓட்டினார் போலும்.

அலாவுத் தௌலாவின் படையோடு போயிருந்த சமயத்தில் அவருக்கும் அதே குலன்ஜ் பிடித்தது. தோற்றுப் பின்வாங்க நேர்ந்தால் நோயோடு தாம் பின்தங்கிவிடுவோமே என்ற பயம். சீக்கிரம் குணமாக வேண்டும் என்று ஒரே நாளில் எட்டு முறை தமக்குத் தாமே எனிமா கொடுத்துக்கொண்டார். குடல் புண்ணாகிவிட்டது. வலிப்பும் தொடங்கியது. வேறொரு நோயாளி அப்படிச் செய்திருந்தால் அவர் விட்டிருப்பாரா?

அதற்குப் பின் அவர் உடல் பிறர் கைக்குப் போயிற்று. எனிமா மருந்தில் இரண்டு தானிக் எடை கரஃப்ஸ் விதை சேர்க்கச் சொன்னார். ஆறு தானிக் சேர்ந்தது ஒரு திர்ஹம். உடனிருந்த வைத்தியரோ ஐந்து திர்ஹம் எடை போட்டுவிட்டார், அதாவது பதினைந்து மடங்கு. வேண்டுமென்று செய்தாரா தவறிச் செய்தாரா என்பது, அந்நேரம் அருகில் இல்லாத ஜூஸ்ஜானிக்கும் தெரியவில்லை. குடற்புண் இன்னும் முற்றியது. வலிப்புக்கு உட்கொண்ட மருந்தில் வேலைக்காரர்கள் அபினை அள்ளிக் கலந்தார்கள். அவருடைய பணத்தைத் திருடியிருந்தார்கள்; அவர் பிழைத்தால் தண்டனை வரும் என்று அஞ்சினார்கள்.

பல்லக்கில் இஸ்ஃபஹான் கொண்டு வந்தார்கள். எழுந்து நிற்கவும் வலுவில்லை. அந்த நிலையிலும் தமக்குத் தாமே வைத்தியம் பார்த்து, நடக்கும் அளவுக்குத் தேறி, அமீரின் சபைக்கும் போய்வந்தார். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் பத்தியம் காக்கவில்லை, பழைய வழக்கங்களையும் விடவில்லை. நோய் தணிவதும் திரும்புவதுமாக இருந்தது. இதே நிலையில் அமீரோடு ஹமதானுக்குப் பயணப்பட்டார். வழியில் மறுபடியும் குலன்ஜ்.

ஹமதானை அடைந்தபோது உடலில் எதிர்த்து நிற்கும் சக்தி தீர்ந்துவிட்டது என்பதை வைத்தியரான அவரே உணர்ந்தார். இனி மருந்து பயன்படாது என்று சிகிச்சையை நிறுத்திக்கொண்டார். குளித்து, தவ்பாச் செய்து, கையில் இருந்ததை ஏழைகளுக்கு ஸதகாவாகக் கொடுத்து, அடிமைகளை உரிமை விட்டு, மூன்று நாளைக்கு ஒரு முறை குர்ஆனை ஓதி முடித்துக்கொண்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். அப்படியே சில நாட்கள் இருந்து, ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) வபாத்தானார். ஹிஜ்ரிக் கணக்கில் வயது ஐம்பத்தெட்டு. அமீருக்கு நாற்பது நாள் கண் விழித்து வைத்தியம் பார்த்த அந்த ஹமதானிலேயே அவருடைய கப்ரு இருக்கிறது.