கனநீரும் பாபாவும்

1909ஆம் ஆண்டு மும்பையில் பிறந்த ஹோமி பாபா, கேம்பிரிட்ஜிலிருந்து விடுமுறைக்குத் தாயகம் வந்திருந்தபோது உலகப்போர் மூண்டது; இங்கேயே தங்கிவிட்டார். அது நாட்டின் நற்பேறு.

செறிவூட்டாத யுரேனியத்தைக் கொண்டு அணு உலைகளை இயக்க அவர் எண்ணினார். அதற்குக் கனநீர் வேண்டும். டிராம்பேயின் சைரஸ் உலைக்கு அது அமெரிக்காவிலிருந்தே வந்தது. நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றே டியூட்டிரியம், பிரித்தெடுப்பது எளிதன்று. பஞ்சாபின் நங்கலில், பக்ரா அணையின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து உரத்திற்கென ஹைட்ரஜன் எடுத்தனர். அந்த ஹைட்ரஜனையே ஏறத்தாழ −250 பாகை செல்சியசுக்குக் குளிர்வித்துத் திரவமாக்கி வடித்தால், இலேசானது முன்னே ஆவியாகும்; டியூட்டிரியம் பின்தங்கும். இம்முறையில் நாட்டின் முதல் கனநீர் ஆலை 1962இல் அங்கு இயங்கத் தொடங்கியது.

1966 ஜனவரி 24 அன்று ஆல்ப்ஸ் மலையில் நேர்ந்த விமான விபத்தில் பாபா மறைந்தார். 1978இல் தூத்துக்குடியில் எழுந்த கனநீர் ஆலையையும், பின்னர்க் கல்பாக்கத்தில் கனநீரைக் கொண்டு இயங்கிய உலைகளையும் காண அவர் இல்லை.